செலுவையாவுக்குப் பக்கத்து இடம்

செலுவையாவுக்கு எழுபத்திரண்டு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் ஒரு ரேடியோப் பெட்டிக்கு முன்னால் போயிற்று. பசிபிக் கடலில், டோங்கா நாட்டு ஹாபாய்த் தீவுகளின் ஓரத்தில், நாற்பது பேர் மட்டும் இருந்த ஒரு சின்னத் தீவில், வெளியுலகத்தோடு பேச இருந்த ஒரே வாய் அவளுடையது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் போய்ச் சேர்ந்தார்கள், மாவு மூட்டை எந்தக் கப்பலில் வருகிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது, எல்லாம் அவள் காது வழியாகத்தான் தீவுக்குள் வந்தன. இப்போது அவள் எவுவாத் தீவின் நடுக்காட்டில், அரசாங்கம் வரிசையாகக் கட்டிக்கொடுத்த பலகை வீடுகளில் நாலாவதில் இருக்கிறாள். அங்கிருந்து கடல் தெரியாது, அதன் சத்தமும் கேட்காது. வந்த புதிதில் அந்த அமைதியில் தூக்கம் பிடிக்கவில்லை என்று எல்லோரும் புலம்பினார்கள். செலுவையா புலம்பவில்லை. புலம்புவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஐந்தாவது வீட்டில் அவள் தம்பி உவெசிலே செத்துக்கொண்டிருந்தான்.

நுரையீரல் முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவன் சாகப் போவதை யாரும் மறைக்கவில்லை, அவனும் மறைக்கவில்லை. எல்லோரையும் வாட்டிய கேள்வி வேறு. அவனை எங்கே புதைப்பது? அலை வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன அந்தப் பழைய தீவிலா, இல்லை இந்தக் காட்டிலா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒன்று அவன், மற்றொன்று அவள். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்றால், டோங்காவில் அக்காளும் தம்பியும் இருக்கும் இருப்பு அப்படி. பையனுக்குப் பத்து வயசு தாண்டினால் சகோதரிகள் தூங்கும் வீட்டை விட்டு வெளியே போய்விடுவான். அதன்பிறகு அவள் இருக்கும் அறைக்குள் அவன் கால் வைப்பதில்லை. அவள் காதில் விழும்படி கேலிப்பேச்சு கிடையாது. உடம்பைப் பற்றி, நோயைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரே பாயில் உட்கார்வது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். இது பகையினால் அல்ல, மரியாதையினால். அந்த மரியாதைக்குள் எவ்வளவு பிரியம் அடைந்து கிடக்கிறது என்பதைச் சொல்ல அந்த ஊரில் யாரும் மெனக்கெடுவதில்லை. அக்காள் என்றால் தம்பிக்கு ஒரு படி மேலே. அவன் பிள்ளைகளுக்கோ அத்தை என்றால் பத்துப் படி மேலே. நம்மூரில் அத்தைக்குச் சீர் வரிசையோடு சரி. அங்கே அத்தை ஒரு ராணி. சாவு வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

உவெசிலேயை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். இரண்டு வயசுதான் வித்தியாசம், ஆனாலும் தூக்கினாள். அவனுக்குப் பத்து முடிந்த அன்று அவன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு மாமன்மார்களின் குடிசைக்குப் போனான். அன்றோடு 'நீ' போய் 'நீங்கள்' வந்தது. அதன்பிறகு அவன் முகத்தை அவள் எப்போதும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் தூரத்தில் இருந்து.

அவன் மகன் ஃபோலாவும் மகள் லூபேயும்தான் இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவே தூது. இருபது அடி தூரம். அந்தத் திங்கட்கிழமை காலையில் ஃபோலாவ் வந்து படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். நாற்பது வயது ஆள், அத்தை முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரிதான் உட்காருவான்.

"அத்தே, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். எங்கன்னு சொன்னாத்தானே நாங்க ஏற்பாடு பண்ண முடியும். அங்கதான்னா படகுக்கார சோசாயா படகைத் தயார் பண்ணணும், கடல் அடங்கியிருக்கணும், ஐஸ் வாங்கணும்."

"உங்கப்பா என்ன சொல்றார்?"

"அக்கா சொல்றபடின்னு சொல்றார்."

"தம்பி சொல்றபடின்னு நான் சொன்னேன்னு போய்ச் சொல்லு."

ஃபோலாவ் போனான். கொஞ்ச நேரத்தில் லூபே வந்தாள். அப்பாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து அவள் கை விரல்கள் ஊறிப்போயிருந்தன.

"அத்தே, அப்பா சொல்றாரு, அக்கா சொல்றபடிதானாம்."

"அதைத்தான் காலையிலேயே சொல்லியாச்சே."

"அதைத்தான் நானும் அவர்கிட்ட சொன்னேன். மறுபடியும் போய்ச் சொல்லுன்னாரு." லூபே படியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடந்த நடைக்கு நான் ஊருக்கே போய்ச் சேந்திருப்பேன் அத்தே. நீங்க ரெண்டு பேரும் மரியாதை குடுத்துக் குடுத்தே என்னைக் கொன்னுருவீங்க."

அவள் அப்படிப் பேசியது முறையில்லை. ஆனால் அவளைக் கண்டிக்கவும் செலுவையாவுக்கு அலுப்பாக இருந்தது. "போய்ச் சாப்பிடு. அடுப்புல சேம்பு இலை மடிச்சது இருக்கு, கறி போட்டது" என்று மட்டும் சொன்னாள்.

செலுவையா வாயைத் திறக்காததற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. வேறு ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் நாற்பது பேருக்கும் அது தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலை வந்தபோது எல்லோரும் மேட்டில் ஏறித் தப்பித்தார்கள். மறுநாள் பக்கத்துத் தீவிலிருந்து படகுகள் வந்தன, மூன்று நடை அடித்தன. மூன்றாவது நடையில் கிழவிகளையும் கடைசியாக மிஞ்சியவர்களையும் ஏற்றினார்கள். செலுவையா நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். படகில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம், அவளுக்குப் பக்கத்தில், முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி. உவெசிலே இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அடுத்த படகுல வர்றேன்" என்று சொல்லிப் படகைத் தள்ளிவிட்டான். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. படகோட்டி சொல்லவில்லை, கிழவிகள் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. உயிர் தப்பும் நேரத்தில்கூட அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை என்பதுதான் கொடுமை. அன்று மாலை கடல் கொந்தளித்தது. அடுத்த படகு நாலாவது நாள்தான் வந்தது. நாலு நாளும் அவன் நனைந்த துணியோடு மேட்டில் தனியாக இருந்தான், மழையில், தேங்காய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு. அந்த நாலு நாளில் நெஞ்சில் இறங்கிய சளி பிறகு ஏறவேயில்லை.

டாக்டர் புகையிலையைக் குற்றம் சொன்னார். செலுவையா நம்பவில்லை. "உட்காருங்க" என்ற ஒற்றைச் சொல்லை அன்று அவள் சொல்லியிருந்தால் போதும். வாழ்நாள் முழுக்க ரேடியோவில் ஊருக்கெல்லாம் பேசியவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. அப்படிப்பட்டவள் இப்போது அவனை இங்கே புதை, அங்கே புதை என்று எந்த வாயால் சொல்வாள்?

சொற்களைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அது வந்த கதை பழையது. அவளுக்கு இருபத்தெட்டு வயசிருக்கும்போது நியூசிலாந்தில் இருந்து ஹார்லி என்று ஒரு வெள்ளைக்காரர் அகராதி செய்வதற்காக வந்து எட்டு மாதம் தீவில் தங்கினார். சொல் பொறுக்கி என்று பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். சாயங்காலம் ரேடியோ வேலை முடிந்ததும் அவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருவார். செலுவையா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்.

ஒருநாள் 'மோட்டு' என்ற சொல்லில் இருவருக்கும் சண்டை வந்தது. மோட்டு என்றால் தீவு. தூண்டில் கயிறு அறுந்துபோனாலும் மோட்டு என்பார்கள். ஹார்லி அதை இரண்டு தனிச் சொற்கள் என்று ஒன்று, இரண்டு எண் போட்டு எழுதினார். செலுவையா ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய நிலத்திலிருந்து அறுந்து விழுந்த துண்டுதான் தீவு, அதனால் இரண்டும் ஒரே சொல்தான் என்றாள். ஆதாரம் வேண்டும் என்றார் அவர். "கடலைப் பாருங்க, அதான் ஆதாரம்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பதிலுக்கு அவரும் தன் பாஷையின் குறைகளைச் சொன்னார். இங்கிலீஷில் தீவைக் குறிக்கும் சொல்லின் நடுவே வாயில் வராத ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கிறதாம். படித்தவர்கள் சிலர் அதை வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு உள்ளே செருகிவிட்டார்களாம். யாரையாவது தனியே ஒதுக்கி வைப்பதைச் சொல்லும் சொல்லோ தீவு என்ற இத்தாலிச் சொல்லிலிருந்தே வந்ததாம். ஒருத்தனை ஒதுக்குவது என்றால் அவனைத் தீவாக்குவது. செலுவையாவுக்கு அன்று சிரிப்பு தாங்கவில்லை. தீவு எங்கே தனியாக இருக்கிறது? ஐம்பது மைல் தூரத்துத் தீவிலிருந்து பன்றிக்குட்டி வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கடல் ஒரு தெரு. இந்த வெள்ளைக்காரர்கள் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துப் பயந்தவர்கள், அதனால்தான் அப்படிச் சொல் செய்திருக்கிறார்கள் என்று அவரிடமே சொன்னாள். நம்மிடமும் அந்தப் பயம் உண்டுதான். தீவு என்ற நம் சொல் வடமொழியில் இருபுறமும் தண்ணீர் என்பதில் தொடங்கி, தீவாந்தரம் என்று தண்டனையில் போய் முடிந்தது. பேச்சுக்கு ஆள் இல்லாதவனைத் தனித்தீவு என்கிறோம்.

அவள் அவருக்குக் கொடுத்த சொற்களில் அவளுக்குப் பிடித்தது 'ஃபொனுவா'. நிலம் என்று அர்த்தம். அந்த நிலத்தின் ஜனங்களும் ஃபொனுவாதான். பிள்ளை பிறந்ததும் வெளியே வந்து விழுகிற நஞ்சுக்கொடியும் ஃபொனுவா, அதை மண்ணில் புதைப்பார்கள். கடைசியில் புதைகுழியும் அதே சொல்தான். ஹார்லி இதற்கு நாலு எண் போட்டார். செலுவையா இம்முறை சண்டை போடவில்லை. பாவம், மனிதர் எழுதிக் களைத்திருந்தார்.

அந்தச் சொல்தான் இப்போது அவளைப் போட்டு அரித்தது. எவுவாவில் கொடுத்த இந்த இடத்துக்கு இரண்டு வருஷமாகியும் யாரும் பெயர் வைக்கவில்லை. அரசாங்க இடம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேரிடர் ஆபீசிலிருந்து தனியேலா என்ற குமாஸ்தா மாதம் ஒருமுறை ஒரு படிவத்தோடு வருவான். கிராமத்தின் பெயர் என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. போன மாதம் வந்தபோது அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டான்.

"அம்மா, மேல ஒரு வரி இருக்கு. 'ஒதுங்கிக் கிடந்த சமூகம்'னு இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க. அதை நம்ம பாஷையில எப்படி எழுதறது? நீங்க அகராதிக்கே சொல் குடுத்தவங்கன்னாங்க."

"எப்ப ஒதுங்கிக் கிடந்தோம்? அங்க இருந்தப்பவா, இங்க வந்தப்புறமா?"

"அங்க இருந்தப்பன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப எழுதினவனுக்கே தெரியாது. காலியா விடு."

காலியாக விட்டான். பெயர் வைக்காததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். இந்த மண்ணில் இன்னும் யாரையும் புதைக்கவில்லை. புதைகுழி இல்லாத இடம் தங்குமிடம்தான், ஃபொனுவா ஆகாது. கடல் தெரிகிற மேடு ஒன்றை மயானத்துக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். முதல் ஆளாய்ப் போகத்தான் யாருக்கும் விருப்பமில்லை. எல்லோரும் மனசுக்குள் பழைய தீவுக்கே திரும்பிப் போய்ப் படுக்கும் கணக்கில் இருந்தார்கள். செலுவையாவும்தான். அங்கே அவள் நஞ்சுக்கொடி புதைந்திருக்கிறது, அம்மா இருக்கிறாள், புருஷன் இருக்கிறார். ஆக்லாந்தில் இருக்கும் மகளிடம் அவள் போனில் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள், என்னை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடு என்று. அதற்கென்று ஒரு பாயும் பின்னி வைத்திருந்தாள்.

புதன்கிழமை சோசாயா வந்தான். படகுக்காரன், அவர்களோடு அலைக்குத் தப்பி வந்தவன். போன வாரம் பழைய தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போயிருந்தானாம்.

"இறங்குனியா?"

"இறங்கினேன் அக்கா." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினான். "சொல்லலாமா வேண்டாமான்னு..."

"சொல்லு. இதுக்கு மேல எனக்கு என்ன ஆகப்போகுது?"

"மயானத்துல பாதி இல்ல. கடல் தின்னுருச்சு. உங்க அம்மா இருந்த பக்கம் இப்ப தண்ணி. மிச்சப் பாதியும் அடுத்த புயலுக்குத் தாங்காது."

அவள் சரி என்றாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. சோசாயாவின் இடுப்பில் கைக்கு அடக்கமான ரேடியோ ஒன்று தொங்கியது. படகில் இன்னொன்று இருக்கும். அவள் கையை நீட்டினாள்.

"ரெண்டு பெட்டியையும் சாயங்காலம் வரைக்கும் குடு" என்றாள்.

விஷயம் இதுதான். உவெசிலே மீன்பிடிக்காரன். அவன் படகுக்கு 'மாத்துகு' என்று பெயர், பாறைக்கொக்கு. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடலிலிருந்து ரேடியோவில் கூப்பிடுவான். அவள் காற்று நிலவரம் சொல்லுவாள். அவன் எங்கே இருக்கிறான், எங்கே நங்கூரம் போடப் போகிறான் என்று சொல்லுவான். அதில் அக்காள் தம்பி கிடையாது. அவன் மாத்துகு, அவள் கரை. நேரில் ஒரு வருஷத்தில் பேசுகிற பேச்சைவிட ரேடியோவில் ஒரு வாரத்தில் பேசியது அதிகம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஒரே பாயில் உட்கார வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் ஊர் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தது, ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை. கடலில் இருப்பவனோடு பேசுவது கரையின் வேலை.

ஐந்து மணிக்கு ஒரு பெட்டியை லூபேயிடம் கொடுத்து அனுப்பினாள். "அப்பா வாய்க்கிட்ட பிடிச்சுக்க. பட்டனை நீ அமுக்கு. வேற எதுவும் பேசாதே." இன்னொன்றை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஈரப்பலா மரத்தடியில், தம்பி வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பழைய சேனலைத் திருப்பி வைத்தாள். கை அதுவாகவே திருப்பியது.

"மாத்துகு, மாத்துகு. கரை கூப்பிடுது. கேக்குதா? ஓவர்."

இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு இருமல். வீட்டுச் சுவர் வழியாக ஒரு தடவை கேட்ட இருமல் கையிலிருந்த பெட்டியிலும் கேட்டது.

"கரை... மாத்துகு பேசறேன். நல்லாக் கேக்குது. ஓவர்."

அந்தக் குரலில் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது. செலுவையா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காத்து தென்கிழக்கு. மெதுவா அடிக்குது. கடல் அடங்கியிருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க மாத்துகு? ஓவர்."

"எஞ்சின் சரியில்ல கரை. மூச்சு வாங்குது. ரொம்ப தூரம் ஓடாது. ஓவர்."

"நங்கூரம் எங்க போடப் போறீங்க? ஓவர்."

"கரை எங்க சொல்லுதோ அங்க. ஓவர்."

செலுவையாவுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த கோபம். "முப்பத்தொரு வருஷம் நான் காத்து எந்தப் பக்கம்னுதான் சொல்லியிருக்கேன். எங்க நங்கூரம் போடறதுன்னு ஒருநாளும் சொன்னதில்ல. அது படகோட்டி சொல்ல வேண்டியது. கரைக்கு ரொம்பக் களைப்பா இருக்கு மாத்துகு. சொல்லிடுங்க. ஓவர்."

அப்போது துறைமுகத்திலிருந்து ஒரு புதுக் குரல் நடுவே நுழைந்தது. "யாரய்யா அது, காட்டுக்குள்ள நங்கூரம் தேடறது?" உடனே வேறொரு படகின் ரேடியோவிலிருந்து சோசாயாவின் குரல் அதை அதட்டியது. "வாயை மூடிட்டுச் சேனலை விட்டுப் போடா. பெரியவங்க பேசறாங்க." பிறகு யாரும் குறுக்கே வரவில்லை. ஆனால் துறைமுகத்தில் இருந்த அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

"கரை." அவன் மூச்சைத் திரட்டிக்கொண்டான். "அன்னிக்குப் படகுல உங்க பக்கத்துல ஒரு இடம் இருந்துச்சு அக்கா. அந்த இடம் இன்னும் இருக்கா? ஓவர்."

ரேடியோவில் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. செலுவையா பட்டனை அமுக்கினாள், விட்டுவிட்டாள். மறுபடி அமுக்கினாள்.

"இருக்கு. காலியாத்தான் இருக்கு. ஓவர்."

"அப்ப அதுல ஏறிக்கறேன். படகு எங்க போனாலும் சரி. ஓவர்."

அவ்வளவுதான் அவன் கேட்டது. பழைய தீவும் வேண்டாம், புதுத் தீவும் வேண்டாம், அவள் எங்கே படுப்பாளோ அதற்குப் பக்கத்தில். செத்தவர்களுக்குள் அக்காள் தம்பி விலக்கு இல்லை, ஒரே மண்ணில் கிடக்கலாம். ஆகக் கேள்வி சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நின்றது. பின்னி வைத்த பாயை நினைத்தாள். அம்மா இருந்த பக்கத்தில் புரளும் தண்ணீரை நினைத்தாள். அங்கே கொண்டுபோனால் இவனை யார் வந்து பார்ப்பார்கள், யார் வெள்ளை மணல் போட்டுக் களை பிடுங்குவார்கள்? லூபேயின் ஊறிப்போன விரல்கள் நினைவுக்கு வந்தன. தன் தீவின் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அதை அவள் சொல்லியிருக்கவில்லை. கயிறு அறுந்ததை அவள் அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

"மாத்துகு, கரை பேசறேன். இங்கதான். எவுவாவுல. மேட்டு மேல. ஓவர்."

"கடல் தெரியுமா? ஓவர்."

"கொஞ்சம் தெரியும். நடுவுல ரெண்டு மரம் மறைக்குது. ஓவர்."

"வெட்டச் சொல்லுங்க. ஓவர்."

"வெட்டச் சொல்றேன்."

"அப்ப சரி. மாத்துகு முடிச்சுக்குது. அவுட்."

பெட்டி அடங்கியது. செலுவையா முதுகைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே லூபே விசும்புவது கேட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் உவெசிலே போய்ச் சேர்ந்தான். ஃபோலாவ் அன்றைக்கே மேட்டில் இரண்டு மரங்களையும் வெட்டினான். திங்கட்கிழமை பகலில், பந்தலில், பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் அடுக்கி அவற்றின் மேல் அவனைக் கிடத்தினார்கள். பிள்ளைகள் துக்கத்துக்கான கிழிந்த பெரிய பாய்களை இடுப்பில் சுற்றிக்கொண்டு தூரத்தில் சமையல் பக்கம் இருந்தார்கள். செலுவையாவைக் கொண்டுவந்து தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். அது அவளுடைய இடம். அத்தைக்கும் அக்காளுக்கும் உள்ள இடம்.

அறுபது வருஷத்துக்குப் பிறகு அவள் தம்பியின் முகத்தை நேரே பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயசில் அவள் இடுப்பிலிருந்து நழுவி விழுந்து வந்த தழும்பு. அது இன்னும் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மூக்கு அப்படியே அம்மா. தலைமுடி இவ்வளவு வெளுத்துவிட்டதா? அவள் கையை நீட்டி அந்தத் தழும்பைத் தொட்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

குழி வெட்டியவர்கள் சார்பில் ஃபோலாவ் வந்து பந்தலுக்கு வெளியே தரையில் மண்டியிட்டான். அவன் கையெல்லாம் சிவப்பு மண். எவுவா மண் அப்படித்தான் இருக்கும். அவர்கள் தீவில் எல்லாம் வெள்ளை மணல்.

"அத்தே, குழி தயார். நீங்க சொன்ன மாதிரி பக்கத்துல ஒரு ஆள் இடம் விட்டிருக்கோம். அடையாளத்துக்குக் கல்லு வச்சாச்சு. இன்னும் நாலு வீட்டுக்காரங்க வந்து எங்களுக்கும் அளந்து வைங்கன்னு கேக்கறாங்க. அளக்கவா?"

"அள."

அவன் போன பிறகு அவள் குனிந்து, எல்லோர் காதிலும் விழும்படியே, தம்பியிடம் பேசினாள். அறுபது வருஷம் நீங்கள் என்று சொன்ன வாய் அதை மறந்துவிட்டது.

"நீ முன்னால போ தம்பி. அடுத்த படகுல நான் வர்றேன்."